ஒட்டு மறைந்த தலைக்கவசம்

கயேத்தான் துதெக்குக்குப் பயம் தராத பொருள் எங்கள் ஊரில் அநேகமாக இல்லை. நாய், வெந்நீர் பாய்லர், பாலம், எல்லாவற்றுக்கும் பயம். எங்கள் ஊர் நோகாத் ஆற்றின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரை உடைந்தால் சந்தைத் திடலில் படகு விடலாம். நாங்கள் அதை மறந்துவிட்டு சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு பயிரிடுகிறோம், கல்யாணம் செய்துகொள்கிறோம். அவர் மட்டும் மாடியறையில் காற்றடித்த ரப்பர் படகு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். துடுப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பிழைப்பு டிங்கர் வேலை. நெடுஞ்சாலையில் மோதி நசுங்கும் கார்கள் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். தகட்டைத் தட்டி நிமிர்த்தி, கிழிந்த இடத்தில் வெல்டிங் வைத்து, தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அனுப்புவார். அந்தக் கார் எங்கேயும் மோதியதே இல்லை என்று யாரும் சத்தியம் செய்யலாம். ஆனால் நசுங்கல் அவருக்குள் தங்கிவிடும். கதவு எப்படி மடிந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, உள்ளே இருந்தவருடைய முழங்கால் எங்கே இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் தன்னுடைய இழுவை லாரியை சைக்கிள்கள் முந்திப்போகும் வேகத்தில்தான் ஓட்டுவார். பின்னால் எடுக்க வேண்டுமென்றால் யாராவது நின்று கையசைக்க வேண்டும். ஊரில் அவருக்குப் பெயர் முயல்.

அந்த முயல்தான் எங்கள் குழுவுக்குக் கவசம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில் கூடுவோம். அறுநூறு வருடத்துக்கு முந்தைய வீரர்களைப் போல இரும்பு அணிந்து, முனை மழுங்கிய வாளாலும் கோடரியாலும் அடித்துக்கொள்வோம். அடி நிஜ அடி. கீழே விழுந்தவர் தோற்றவர். கோடை தொடங்கும்போது பழைய கோட்டையில் அணிகளுக்கிடையே போட்டி நடக்கும். எங்கள் பெண்கள் அணிக்கு ஐந்து பேர் வேண்டும், அதில் நானும் ஒருத்தி.

நான் பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, ஒரு முதுகுப்பையோடு ஊர் திரும்பியபோது, என் பழைய கவசம் அம்மாவின் கோழிக்கூட்டில் கிடந்தது. தலைக்கவசம் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. முழங்கால் மூடிக்குள் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது. வீட்டில் சும்மா உட்கார எனக்கு வரவில்லை. புதிதாகச் செய்துகொள்ளக் கயேத்தானிடம் போனேன்.

மற்றக் கவசக்காரர்கள் படம் காட்டுவார்கள். எந்தக் கல்லறையில் சிலையாகப் படுத்திருக்கும் எந்தப் பிரபுவைப் போல வேண்டும் என்று கேட்பார்கள். கயேத்தான் செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டி எடுத்தார்.

"எந்த வருஷம், எந்தச் சிலை, அதெல்லாம் அப்புறம். நேரா நில்லு."

சுருட்டிய தாளை என் தலைக்கு, தோளுக்கு, தொடைக்கு என்று திடீர் திடீரென்று வீசினார். எங்கேயும் படவில்லை. ஒரு கட்டத்தில் என் இடது முழங்கை தானாக உள்ளே ஒடுங்கியது.

"முழங்கை. அங்க ரெண்டு மில்லி தகடு. தொடையில நீ பயப்படலை. ஒண்ணரை போதும், எடையும் குறையும்."

"டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு, பான் கயேத்தான்." எங்கள் பேச்சில் பான் என்றால் ஐயா.

"டாக்டர் வலிக்கற எடத்தைப் பாப்பாரு. நான் வலிக்கும்னு நீ நெனைக்கற எடத்தைப் பாக்கறேன்."

இந்தச் சோதனையில் அவர் தோற்றது ஒரே ஓர் ஆளிடம். அவருடைய தங்கை போக்னா. சர்க்கரை ஆலையில் கிழங்கு அள்ளும் எந்திரம் ஓட்டுபவள், எங்கள் அணியில் யாரும் தள்ளி வீழ்த்த முடியாதவள். தாளை அவள் மூக்குக்கு நேரே வீசினாலும் கண் இமைக்காது.

"எங்கயுமே பயப்படாதவளுக்கு எங்கன்னு தகடு போடறது?" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கவசத்தை அதன் சொந்தக்காரர் முதலில் அணியக் கூடாது. செய்தவர் அணிந்துகொண்டு, எல்லோர் முன்னாலும் நின்று, சொந்தக்காரர் கையால் மூன்று அடி வாங்க வேண்டும். பிறகுதான் கவசம் கை மாறும். கயேத்தான் இதுவரை செய்ததெல்லாம் கைக்கும் காலுக்கும் மார்புக்கும்தான். அடி வாங்கும் நாட்களில் காலையில் அவருக்குப் பால் சூப்கூட இறங்காது. அடி என்றும் அதைச் சொல்ல முடியாது. நாளாக நாளாக அது ஒரு சடங்காகிவிட்டது. நண்பனை யார் ஓங்கி அடிப்பார்கள்? தட்டுவார்கள், கைதட்டுவார்கள், பாப்பி விதை கேக் வெட்டுவார்கள்.

தலைக்கவசம் மட்டும் அவர் செய்ததில்லை. யார் கேட்டாலும் முடியாது என்றுவிடுவார்.

போக்னாவுடைய தலைக்கவசம் யாரோ ஒருவருடைய தலைக்குச் செய்து, கை மாறி வந்தது. எத்தனை பஞ்சு திணித்தாலும் உள்ளே ஆடும். முந்தைய இலையுதிர் காலத்தில் அதன் மேல் ஒரு கோடரி அடி விழுந்தது. அன்று பாதி நாள் வரை வீட்டு நாயின் பெயர் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அவள் அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லித் திரிந்தாள். கயேத்தான் அந்த வாரமே தகடு வாங்கினார்.

குளிர்காலம் முழுவதும் செய்தார். காகிதப் பட்டைகளால் அவள் தலையை அளந்தார். மரக்கட்டையில் குழி தோண்டி, அதில் தகட்டை வைத்து அடித்து, இரண்டு பாதிகளாகக் குழித்தார். நெற்றியிலிருந்து பிடரி வரை உச்சியின் மேல் வெல்டிங் வைத்து ஒட்டினார். பிறகு தேய்த்தார். போட்டியில் நடுவர்கள் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, அந்த நூற்றாண்டில் இப்படி ஒன்று இருந்திருக்குமா என்று பார்ப்பார்கள். வெல்டிங் கண்ணில் பட்டால் ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் எல்லாக் கவசக்காரர்களும் தேய்ப்பதுதான். ஆனால் மற்றவர்கள் கொஞ்சம் மேடு விட்டுவிடுவார்கள். கயேத்தான் ஒட்டுத் தடம் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் தேய்த்தே வாழ்ந்தவர்.

போட்டி வந்த மே மாதத்தில், முழங்கை மூடியை அளவு பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். தலைக்கவசம் மேசைமேல் இருந்தது. கழுவிய முட்டை மாதிரி பளபளப்பு.

"ஒட்டு எங்க இருக்குன்னு கண்டுபிடி," என்றார்.

விரலால் தடவினேன். நகத்தால் கீறினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

"தெரியலை. பிரமாதம்."

"அதான் பயமா இருக்கு."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"தேய்க்கறப்ப உச்சியில நீலம் பூத்துச்சு. தடிச்ச தகடுன்னா சூட்டை வாங்கிக்கும். மெலிஞ்சுபோனா ஒரு நொடியில நீலமாயிடும். கார்ல அப்படி ஆச்சுன்னா பட்டி அப்பி மறைச்சுட்டுப் போயிடுவேன். பழக்கதோஷம், இதுலயும் நீலத்தைப் பாலிஷ் போட்டு எடுத்துட்டேன். எடுத்தப்புறம்தான் பொறி தட்டுச்சு. அது போக்னா தலை."

"அளந்து பாக்கக் கூடாதா?"

"குழிவுக்குள்ள என் அளவுகோல் போகாது. போனாலும், ஒட்டு உள்ள வரைக்கும் பிடிச்சிருக்கான்னு அது சொல்லாது."

"கம்பத்துல மாட்டி அடிங்க."

"அடிச்சேன். தாங்குச்சு. ஆனா அடிச்சது நான். கடைசி நேரத்துல என் கை என்னைக் கேக்காமயே நின்னுடும்."

"நான் அடிக்கறேன், குடுங்க."

அவர் இரண்டு கைகளாலும் தலைக்கவசத்தை மூடிக்கொண்டார். கோழி குஞ்சை மூடிக்கொள்வதுபோல.

"பிளந்துச்சுன்னா? சனிக்கிழமை போட்டி. அவ பழசை மாட்டிக்கிட்டுப் போவா. நாளைக்கே தலை போகும்னு சொன்னாலும் போவா. பழசு ஆடும்னு எனக்குத் தெரியும். இது தாங்காதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததே மேல்னு தோணுது."

"அவகிட்ட சொல்லிடலாமே."

"சொன்னாலும் பழசைத்தான் எடுப்பா. நீயும் சொல்லாதே."

அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போனது. கண்ணை மூடினால் வெள்ளை இரும்பின் மேல் நீலம் பூத்தது. எங்கெங்கோ தனியாகச் சுற்றியபோதுகூட இப்படி விழித்துக் கிடந்ததில்லை. அங்கெல்லாம் ஆபத்து என் தலைக்குத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் எல்லோரும் இருந்தார்கள். கேக் தயாராக இருந்தது. பல் மருத்துவரிடம் வேலை செய்யும் ரெகீனாதான் எங்கள் அணித் தலைவி. அவள் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முயலே, இது உன் கையால செஞ்சதா, கடையில வாங்கினதா? நடுவருங்க மயங்கிடுவாங்க."

கயேத்தான் பஞ்சு வைத்துத் தைத்த குல்லாயைப் போட்டுக்கொண்டார். தலைக்கவசத்தை நான்தான் மாட்டிவிட்டேன். அது போக்னாவின் பெரிய தலைக்குச் செய்தது. அவருக்காக உள்ளே ஒரு துண்டைத் திணித்தேன். தாடைக்கு அடியில் வாரைக் கட்டும்போது அவருடைய தொண்டை மேலும் கீழும் போனது என் விரலில் தெரிந்தது. முகமூடியை இறக்கினேன். கண்ணுக்கு ஒரு கீற்று, மூச்சுக்குச் சில ஓட்டைகள். ஓட்டைகள் வழியாக வந்த மூச்சு நாய் இரைப்பது போல இருந்தது.

போக்னா கோடரியோடு வந்தாள். ஒரு கையால் ஆட்டிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அண்ணனை அவள் செல்லமாகக் கய்தெக் என்றுதான் கூப்பிடுவாள்.

"கய்தெக், உயில் எழுதிட்டியா? படகு எனக்கு."

முதல் அடி. நெற்றியில், கோடரியின் பக்கவாட்டால். கரண்டியால் தட்டைத் தட்டிய சத்தம். கைதட்டினார்கள்.

"ஈ ஓட்டறியா? அடின்னா அடி," என்று யாரோ கத்தினார்கள்.

இரண்டாவது அடி கொஞ்சம் ஓங்கி வந்தது, காதுக்கு மேலே. கயேத்தான் அரை அடி நகர்ந்து நின்றார். இன்னும் ஒன்று. அதுவும் இப்படியே போய்விட்டால், கவசம் தேறிவிட்டது என்று ஆகிவிடும். சனிக்கிழமை யாரோ ஒருத்தி, முயல் என்றால் யாரென்றே தெரியாத ஒருத்தி, அதன் உச்சியில் இரண்டு கையாலும் அடிப்பாள். வாயைத் திறந்தேன். சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது.

கயேத்தான் கையைத் தூக்கினார். "நிறுத்து."

முகமூடியைத் தானே தூக்கினார். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"முயல் பயந்துடுச்சு," என்றாள் ரெகீனா. சிரிப்பு எழுந்தது.

"ஆமா, பயந்துட்டேன்," என்றார் அவர். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "உச்சியில ஒட்டை அளவுக்கு மேல தேய்ச்சுட்டேன். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. போக்னா, இதைக் கம்பத்துல மாட்டி நீ அடி. நெஜமா அடி."

போக்னா கோடரியைக் கீழே இறக்கினாள். "இதைத் தலையில வெச்சுக்கிட்டா ரெண்டு அடி வாங்கினே?"

"மூணாவதுக்குத் தைரியம் வரலை."

பயிற்சிக் கம்பத்தின் உச்சியில் சாக்கைச் சுற்றி, தலைக்கவசத்தை வைத்துக் கட்டினோம். போக்னா காலை அகற்றி நின்று, கோடரியைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கினாள். மணி உடைந்தால் வரும் சத்தம் அது. பிடரிப் பக்கமாக நின்ற எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கட்டை அவிழ்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது, நெற்றியிலிருந்து பிடரி வரை வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. போக்னா அந்தப் பிளவில் ஒரு விரலை விட்டாள். விரல் முழுசாக உள்ளே போனது.

கேக்கை யாரும் தொடவில்லை.

"சரி," என்றாள் போக்னா, விரலைத் துடைத்துக்கொண்டு. "பழசையே போட்டுக்கறேன்."

"அது ஆடுதேடி," என்றேன்.

"இன்னும் கொஞ்சம் பஞ்சு வெச்சுக்கறேன். நான் இல்லேன்னா நாலு பேர்தான், அணியே கெடையாது. வேற யாரோடதும் என் தலையில ஏறாது, உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவள் தலையின் பருமனைப் பற்றிய கேலிகள் எங்கள் குழுவில் பழையவை. அன்று யாரும் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. ரெகீனா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு சுத்து ரெண்டு நிமிஷம்தானே," என்றாள்.

கயேத்தான் கதவோரம் போனார். போக்னாவின் பை அங்கே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதை நான் பார்த்தேன். குல்லாயை இன்னும் கழற்றவில்லை. காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

இழுவை லாரியின் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு வேறொரு சத்தம் கேட்டது.

வெளியே ஓடினோம். பழைய தலைக்கவசம் முற்றத்துக் கல்லின் மேல், காதுப்பக்கம் மேலாகக் கிடந்தது. எந்தப் பக்கமாக வைத்தால் நசுங்கும் என்று அவருக்கா தெரியாது? லாரி அதன்மேல் ஏறி இறங்கி நின்றது. பின்னால் யாரும் நிற்கவில்லை, யாரும் கையசைக்கவில்லை. கயேத்தான் ரிவர்ஸ் எடுத்து இன்னொரு முறை ஏற்றினார். பின் சக்கரம் வேலியைச் சாய்த்தது. முகமூடி தனியாகக் கழன்று உருண்டது.

அவர் இறங்கினார். லாரிப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

போக்னா நசுங்கியதைக் கையில் எடுத்தாள். ஒரு தட்டை நீட்டுவதுபோல அவரிடம் நீட்டினாள்.

"உன்னைக் கொன்னுடுவேன், கய்தெக்."

"கொல்லு. வெறுந்தலையோட சண்டைக்குப் போக மாட்டே, இல்ல?"

அவள் முஷ்டியை மடக்கி அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். அதுதான் அன்று அவருக்கு விழுந்த நிஜமான மூன்றாவது அடி. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது களத்தில் யாரும் இல்லை. போக்னா வேலியில் உட்கார்ந்து, மற்ற அணிகளைத் திட்டிக்கொண்டே ஊறவைத்த வெள்ளரிக்காய் தின்றாள். கயேத்தான் அதே வேலியில் எட்டி உட்கார்ந்திருந்தார். மதியம் வேறோர் அணியில் அடிபட்டு விழுந்த ஒருத்தியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் பிழைத்துவிட்டாள். ஆனால் அவள் கையைத் தூக்கிக் காட்டும் வரைக்கும் வேலி முழுவதும் பேச்சில்லை. போக்னா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியிருந்தாள். வெள்ளரிக்காய்ப் புட்டியை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். ஆனால் கிழங்கு அறுவடை முடியும் வரை அவரோடு அவள் பேசவே இல்லை.

இரண்டாவது தலைக்கவசத்துக்கு அவர் அடுத்த குளிர்காலத்தையும் எடுத்துக்கொண்டார். நான் அந்த இலையுதிர் காலத்தில் கிளம்பிவிடுவதாக இருந்தேன். அதைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. இந்த முறை உச்சியில் ஒட்டைத் தேய்க்கவே இல்லை. ஆறிய காயத்தின் தழும்பு மாதிரி அது தடித்துக் கிடந்தது. போட்டிக்கு முன்னால் நடுவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இந்த ஒட்டு அந்த நூற்றாண்டைச் சேர்ந்தது இல்லை."

"தலை இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, பான்," என்றாள் போக்னா.

நடுவர் உச்சியை விரலால் தடவினார். அந்தக் காலத்தில் சிலர் தலைக்கவசத்தின் மேல் துணி போட்டுத் தைத்ததுண்டு என்றார். ரெகீனாவின் பழைய சிவப்புத் திரைச்சீலை உறையானது.

மறுபடியும் ஒரு ஞாயிறு. மறுபடியும் கேக். முதல் நாளே போக்னாவும் நானும் அதைக் கம்பத்தில் வைத்துக் கை சலிக்கும் வரை அடித்திருந்தோம், துணிதான் கிழிந்தது. இனி வழக்கம் எதற்கு என்று ரெகீனா கேட்டாள். கயேத்தான் ஒப்பவில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர், வறண்ட உதட்டோடு சொன்னார்:

"உச்சியில அடி. மூணும் உச்சியில. தட்டினா கணக்குல சேராது."

முகமூடியை இறக்கினேன். மறுபடியும் அந்த இரைப்பு. போக்னா இந்த முறை யாரையும் சிரிக்க வைக்கவில்லை. முதல் அடியில் அவர் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. இரண்டாவதில் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். மூன்றாவதற்கு முன்னால் அவள் கோடரியைத் தூக்கியபடியே வெகுநேரம் நின்றாள். "அடி," என்று இரும்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அடித்தாள்.

வாரை அவிழ்த்தபோது அவர் முடியெல்லாம் நனைந்திருந்தது. என் சட்டைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். போக்னா அந்தப் பக்கம் திரும்பி, தலைக்கவசத்தின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? மூணாவது அடிக்கு அவ கண்ணை மூடிக்கிட்டா. கழுத்தை இப்படி உள்ள இழுத்துக்கிட்டா, இடது பக்கமா."

"அடிச்சது அவதானே, பான் கயேத்தான்."

"அதனால என்ன? நான் கீத்து வழியாப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." மூச்சு வாங்கினார். "கழுத்து. இடது பக்கம். அங்கே சங்கிலி வலையை ரெண்டு மடிப்பா வெச்சுடறேன்."